யாரும் வைக்காத தீ

கொட்டகை தீப்பிடித்தபோது உள்ளே ஈ காக்கை இல்லை. முன்கதவும் பின்கதவும் பூட்டியிருந்தன. சாவி மாடியில், பாலிஷ் அக்காவின் கைப்பையில் இருந்தது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் எல்லோரும் சாப்பிட மேலே வந்திருந்தார்கள். அடுப்போ மெழுகுவத்தியோ அந்தக் கொட்டகைக்குள் நுழைந்ததே கிடையாது. அப்படியிருந்தும் ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரை மணிக்கு எதிர்க்கடை சலவைக்காரர் தெருவில் நின்று தொண்டை கிழியக் கத்தினார்.

"பாலிஷ் அக்கா! உங்க கொட்டகையில புகை வருது! சீக்கிரம் வாங்க!"

பாலிஷ் அக்கா செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள். கூரைத் தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடைவெளியில் மஞ்சளும் கறுப்புமாகப் புகை பிதுங்கிக்கொண்டிருந்தது. பூட்டில் சாவியைப் போடப் போனாள். "திறக்காதீங்கக்கா, காத்து போனா இன்னும் பத்திக்கும்!" என்று பின்னாலிருந்து அவள் தங்கையின் கணவன் தோளைப் பிடித்து இழுத்தான். தீயணைப்பு வண்டி வந்து, கதவை உடைத்து, தண்ணீரைப் பீய்ச்சி அடித்து அடக்க முக்கால் மணி நேரம் ஆனது. எட்டு நாற்காலிகளில் ஐந்து கரிக்கட்டை. நீள வேலைமேசையின் ஒரு பாதி மட்டும் எதுவுமே நடக்காதது போல நின்றது.

அவர்கள் மூன்று பேர் சேர்ந்து நடத்திய பட்டறை அது. தங்கையின் கணவன் தச்சன். எதைக் கேட்டாலும் மில்லிமீட்டரில்தான் பதில் சொல்வான். அதனால் தெரு முழுக்க அவனுக்கு மில்லி என்றே பேர். புதிதாகக் கேட்பவர்கள் குடிகாரன் போலிருக்கிறது என்று ஒதுங்கிப் போவதும், பிறகு விஷயம் தெரிந்து சிரிப்பதும் வழக்கம். மில்லி அறுத்து இழைத்துப் பொருத்திக் கொடுப்பதை அக்கா தேய்த்து மெருகேற்றுவாள். தங்கை வாடிக்கையாளர்களிடம் பேசுவாள், போனை எடுப்பாள், யாருக்கு எந்தத் தேதி என்று நினைவு வைத்துக்கொள்வாள். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மாடியில் அவர்களோடுதான் இருந்தாள். பதினாறு வருஷமாக அவள் கை படாத சாமான் எதுவும் அந்தக் கொட்டகையை விட்டு வெளியே போனதில்லை.

இந்த நாற்காலிகள் ஒரு பல் டாக்டருடைய காத்திருப்பு அறைக்கு. "கண்ணாடி மாதிரி மினுக்க வேணாம். ஏற்கெனவே பயந்துபோய் வர்றவங்க, அதுல அவங்க மூஞ்சியே தெரியக்கூடாது" என்று அவர் சொல்லியிருந்தார். அதனால் அக்கா வழக்கமான ஸ்பிரிட் பாலிஷை விட்டுவிட்டு, இரண்டு மாதமாக ஆளிவிதை எண்ணெயில் வேலை செய்து பழகியிருந்தாள். திங்கட்கிழமை காலை டாக்டர் பார்க்க வருவதாக இருந்தது. ஞாயிறு காலை கடைசிப் பூச்சு. பன்னிரண்டு மணிக்கு முடித்து, தரையைக் கூட்டி, டப்பாக்களை வரிசையாக அடுக்கி, அங்கங்கே கிடந்த துணிகளையெல்லாம் பொறுக்கி மடித்து ஓர் அட்டைப்பெட்டியில் வைத்து மூடி, திருப்தியாகப் பூட்டிவிட்டு வந்தாள்.

இப்போது தெருவே வாசலில் நின்று காரணம் சொன்னது.

"எலி வயரைக் கடிச்சிருக்கும்" என்றார் சலவைக்காரர்.

"மெயின் அணைச்சிருக்குங்க" என்றான் மில்லி.

"அப்போ வெயில். கண்ணாடி பாட்டில் வழியா வெயில் விழுந்தா பத்திக்குமாம்."

"உள்ள ஜன்னலே கிடையாதே."

"அப்போ யாரோ வேணும்னே பண்ணிருக்காங்க" என்று சலவைக்காரர் குரலைத் தாழ்த்தினார். யார், பூட்டிய கதவுக்குள் எப்படிப் போனான் என்று மில்லி கேட்டதும் தன் கடைப் பக்கம் நடந்தார். தீயணைப்புக் குழுவின் தலைவர் தன் தாளில் 'காரணம் தெரியவில்லை' என்று எழுதி, "விசாரணை அதிகாரி வருவாங்க. அதுவரைக்கும் ஒரு துரும்பைக்கூட நகத்தாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா கரி நாற்றத்தின் நடுவே நின்று, காலையிலிருந்து செய்ததை ஒவ்வொன்றாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. ஏதாவது ஒன்று தப்பாக இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு தூங்கியிருப்பாள்.

திங்கட்கிழமை காலை, டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோது ஒன்று நினைவுக்கு வந்தது. இரண்டு வாரத்துக்கு முன் கொட்டகையின் பின்வாசலில் ஒரு சிகரெட் துண்டு கிடந்தது. அதை அவள் பெருக்கித் தள்ளிவிட்டாள், யாரிடமும் சொல்லவில்லை. தங்கைக்கு இழுப்பு நோய். புகை ஆகாது. எட்டு மாதத்துக்கு முன்தான் மில்லி அவள் முன்னால் பாக்கெட்டைக் கசக்கி எறிந்து, இனி தொடமாட்டேன் என்று சொல்லியிருந்தான். எதற்கு வீண் சண்டை என்று அக்கா அதை அப்படியே விட்டிருந்தாள்.

மில்லி எதிரே உட்கார்ந்து வெறும் டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தான். தங்கை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"தம்பி, ஒண்ணு கேப்பேன், மறைக்காம சொல்லணும்" என்றாள் அக்கா. "நேத்து பின்வாசல்ல நின்னு சிகரெட் பிடிச்சீங்களா?"

தண்ணீர்ச் சத்தம் நின்றது. மில்லி தலையைத் தூக்கவில்லை.

"ஆமா" என்றான்.

"அணைச்சீங்களா?"

"அணைச்சேன்னு நினைச்சேன்." பிறகு, "சரியா அணைக்கல போல" என்றான்.

தங்கை ஈரக்கையோடு வந்து நின்றாள். அவள் கத்துவாள் என்று அக்கா எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் தேவலை. "தீ போகட்டுங்க" என்றாள் அவள், மூச்சை இழுத்து இழுத்து. "நாற்காலிய மறுபடி பண்ணிக்கலாம். எட்டு மாசமா தினமும் என் பக்கத்துல உக்காந்து, 'இப்போ மூச்சு எப்படி இருக்கு'ன்னு கேட்டீங்களே. அது என்ன?"

மில்லி டம்ளரை நிமிர்த்தி வைத்தான்.

"கொஞ்ச நாள் என் கண்ணுல படாதீங்க."

அவன் இரண்டு சட்டையையும் கருவிப் பையையும் எடுத்துக்கொண்டு, ஊரின் மறுகோடியில் இருந்த தன் அண்ணன் பட்டறைக்குப் போய்விட்டான். அக்காவுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. மனசு லேசாக வேண்டும். ஆனால் ஆகவில்லை. படியிறங்கும்போது அவன் திரும்பி அவளைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. 'நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்' என்பது போல ஒன்று இருந்தது. அதுதான் உறுத்தியது.

விசாரணை அதிகாரி புதன்கிழமை வந்தார். ஐம்பது வயதிருக்கும் பெண்மணி, கட்டை முடி, முழங்காலில் தோல் பட்டை கட்டிய பேண்ட். கையில் ஒரு சின்னக் கொத்துக் கரண்டியும் பெயிண்ட் பிரஷ்ஷும். வந்தவர் அக்காவிடம் நாலு வார்த்தை பேசிவிட்டு, நேராகக் கரிக்குள் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"உங்க தங்கச்சி வீட்டுக்காரர் நேத்தே எங்க ஆபீஸுக்கு வந்து எழுதிக் குடுத்துட்டாரும்மா" என்றார், சாம்பலைப் பிரஷ்ஷால் ஒதுக்கிக்கொண்டே. "பின்வாசல்ல சிகரெட்டைப் போட்டேன், அதனாலதான் தீன்னு கையெழுத்தும் போட்டிருக்காரு."

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் அப்படிச் செய்வான் என்று அவள் நினைக்கவில்லை. "அதான் ஒத்துக்கிட்டாரே. அப்புறம் எதுக்குங்க தோண்டுறீங்க?"

"பின்வாசல் கதவைப் பாருங்க."

அக்கா திரும்பிப் பார்த்தாள். பின்வாசல் கதவு மரக்கதவு. மேல்பாதியில் புகை படிந்திருந்தது. கீழ்ப்பாதியில் பச்சைப் பெயிண்ட் பெயர்ந்துகூட இல்லை. மூன்று நாளாக அவள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் பார்க்கவில்லை.

"தீ கீழயிருந்து மேல ஏறும். ஆரம்பிச்ச இடத்துலதான் தரைவரைக்கும் எரிஞ்சிருக்கும்" என்றார் அதிகாரி. எழுந்து, கொட்டகையின் எதிர்மூலைக்கு நடந்தார். அங்கே வேலைமேசையின் இரண்டு கால்கள் அடியோடு இல்லை. மேசைக்குப் பின்னால் சுவரில் கரி கீழே குறுகி மேலே விரிந்து படர்ந்திருந்தது. "இந்த மேசைக்கு அடியில என்ன இருந்துச்சு?"

"ஒண்ணும் இல்லையேங்க. ஒரு அட்டைப்பெட்டி."

"பெட்டிக்குள்ள?"

"சும்மா, கந்தல் துணி."

அதிகாரியின் கரண்டி நின்றது. "என்ன கந்தல்?"

"எண்ணெய் தேய்ச்ச துணிதான். பழைய பருத்திச் சட்டை, துண்டுங்க."

"எந்த எண்ணெய்?"

"ஆளிவிதை எண்ணெய்."

அதிகாரி மறுபடி மண்டியிட்டு, சாம்பலை ஒரு விரலளவு ஒரு விரலளவாக எடுத்தார். அடியில் செங்கல் அளவுக்கு ஒரு கறுப்புக் கட்டி. அதைப் பக்கவாட்டில் திருப்பினார். புத்தகத்தின் தாள்கள் போல அடுக்கடுக்காகக் கோடுகள் தெரிந்தன. ஓரத்தை உள்ளே தள்ளி நாலாக மடிப்பது அக்காவின் கைப்பழக்கம். வீட்டில் தலையணை உறைகூட அப்படித்தான் இருக்கும். கரியாகிப்போன பிறகும் அந்த மடிப்பு அழியவில்லை.

"எத்தனை துணி?"

"பதினாலு."

"தினமும் இப்படித்தான் மடிச்சு வெப்பீங்களா?"

"இல்லைங்க. தம்பி வேலை முடிஞ்சதும் வெளியில கொடியில வீசிட்டுப் போயிடுவாரு. எனக்கு அது பிடிக்காது. பிச்சைக்காரன் வீடு மாதிரி இருக்குன்னு திட்டுவேன். மறுநாள் டாக்டர் வராரேன்னு அன்னிக்கு மட்டும் நான் எல்லாத்தையும் எடுத்து ஒழுங்கா…" அவள் பாதியில் நிறுத்தினாள். ஏன் நிறுத்தினோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

அதிகாரி எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். "தானா பத்திக்கிட்டிருக்கும்மா."

"தானாவா?"

"தானா."

"துணி எப்படிங்க தானா பத்திக்கும்? அப்போ ஊர்ல ஒரு துணிக்கடை மிஞ்சுமா?"

அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "துணி இல்லம்மா, எண்ணெய். ஸ்பிரிட் பாலிஷ் எப்படிக் காயுது? ஸ்பிரிட் ஆவியா பறந்துடுது. இந்த எண்ணெய் பறக்காது. காத்துல இருக்கற ஆக்சிஜனை இழுத்து இழுத்து இறுகும். ஆணி துருப்பிடிக்குது, வெட்டின ஆப்பிள் கறுக்குது, விறகு எரியுது… எல்லாம் அந்த ஆக்சிஜன் வந்து ஒட்டுற வேலைதான். சிலது மெதுவா, சிலது வேகமா. மெதுவா நடந்தாலும் கொஞ்சம் சூடு வரும். கொடியில தொங்கினா அந்தச் சூட்டைக் காத்து கொண்டுபோயிடும். பெட்டியில மடிச்சு அமுக்கி வெச்சா எங்க போகும்? உள்ளயே நிக்கும். சூடு ஏற ஏற இன்னும் வேகமா ஒட்டும், அதுல இன்னும் சூடு வரும். ஒரு கட்டத்துல…" அவர் கையை விரித்துக் காட்டினார்.

"நாற்காலிய நாங்க காயுறதுக்குத்தானேங்க வெச்சோம்" என்றாள் அக்கா. சம்பந்தமில்லாத பதில் என்று அவளுக்கே தெரிந்தது. "காயுறதுன்னா ஈரம் போறதுன்னுல்ல நினைச்சேன்."

அவளால் நம்ப முடியவில்லை. இந்த அம்மாவுக்கும் சலவைக்காரருக்கும் என்ன வித்தியாசம், எலி, வெயில், இப்போது கந்தல் என்று நினைத்தாள். அது அவள் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். "நாளைக்குக் காலையில வரேன். உங்ககிட்ட மிச்ச எண்ணெய் இருக்கில்ல? நீங்களே பாருங்க" என்று சொல்லிவிட்டு அதிகாரி போனார்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு முற்றத்தின் நடுவே ஓர் அட்டைப்பெட்டி வைக்கப்பட்டது. அக்கா தன் கையாலேயே எண்ணெய் நனைத்து, பிழிந்து, நாலாக மடித்து அடுக்கினாள். பதினாலு. நடுவில் ஒரு கம்பியைச் செருகி, அதன் மறுமுனையை வெப்பம் காட்டும் கருவியில் மாட்டினார் அதிகாரி. இன்னொரு துணியைக் கொடியில் விரித்துப் போட்டார். பக்கத்தில் இரண்டு வாளி தண்ணீர், ஒரு தீயணைப்பு சிலிண்டர். "நீங்களா எப்பவும் இதைச் செஞ்சு பாக்காதீங்க" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, நாற்காலி போட்டு உட்கார்ந்து நாளிதழில் குறுக்கெழுத்துப் போட ஆரம்பித்தார்.

பத்து மணிக்கு முப்பத்துமூன்று டிகிரி. "வெயில்லயே அவ்வளவு இருக்கும்" என்றாள் அக்கா. பதினொன்றுக்கு நாற்பத்தைந்து. அக்கா பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றி போல இருந்தது. கொடியில் கிடந்த துணியைத் தொட்டாள். அது சில்லென்று, கொஞ்சம் விறைத்துப்போய், அதன் பாட்டுக்குத் தொங்கியது. ஒரே டப்பா எண்ணெய், ஒரே சட்டையைக் கிழித்த துணி. பன்னிரண்டரைக்கு எழுபத்தெட்டு. ஒரு மணிக்குப் பெட்டியிலிருந்து ஒரு நெடி கிளம்பியது. காறலும் புளிப்புமாக மூக்கைக் குத்தியது. ஒன்றே காலுக்கு நூற்று இருபது. அதற்குப் பிறகு எண்கள் அவள் படிப்பதற்குள் மாறின.

மாடிப் படியின் உச்சியில் தங்கை நின்றிருந்தாள். "உள்ள போங்க, புகை வரும்" என்று அதிகாரி கையசைத்தார். அவள் போகவில்லை, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள்.

ஒன்று நாற்பதுக்கு அட்டையின் மூடி ஓரத்தில் மெல்லிய புகை. அதிகாரி நீளக் கம்பியால் மூடியைத் தூக்கி, மேலிருந்த துணியை நகர்த்தினார். உள்ளே சிவப்பாகக் கனன்றுகொண்டிருந்தது. காற்று பட்ட நொடியில் குப்பென்று நாக்கு நீட்டி எழுந்தது தீ. தீக்குச்சி இல்லை, திரி இல்லை, ஆள் இல்லை. அதிகாரி இரண்டு வாளியையும் கவிழ்த்தார்.

"போதுமா?" என்றார்.

அக்கா தலையாட்டினாள். படியில் நின்ற தங்கைதான் கேட்டாள். "அப்போ அவரு எதுக்கு ஒத்துக்கிட்டாரு?"

அதிகாரி, "அது என் வேலை இல்லைம்மா" என்று சொல்லிக் கம்பியைச் சுருட்டினார்.

வெள்ளிக்கிழமை அக்கா பஸ் ஏறி மில்லியின் அண்ணன் பட்டறைக்குப் போனாள். வழியெல்லாம் பேச வேண்டியதை ஒத்திகை பார்த்தாள். 'நான்தான் தம்பி' என்று ஆரம்பிப்பதா, 'நீங்க இல்ல தம்பி' என்று ஆரம்பிப்பதா என்பதே முடிவாகவில்லை. 'நான்தான்' என்றால் அவள் என்ன செய்தாள்? துணி மடித்தாள். துணி மடித்தது குற்றம் என்றால் அவள் வாழ்நாள் முழுக்கக் குற்றவாளி. குற்றமில்லை என்றால், ஒன்றுமே செய்யாதவனை அவன் பெண்டாட்டி முன்னால் நிறுத்திக் கேட்டாளே, அது என்ன? இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிவிட்டது. அடுத்ததில் இறங்கித் திரும்பி நடந்தாள்.

மில்லி ஒரு பலகையின் முன் பென்சிலோடு உட்கார்ந்திருந்தான். ஐந்து நாளில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பலகையில் அவர்கள் கொட்டகையின் படம், அளவு பிசகாமல். பின்வாசல், வேலைமேசை, நாற்காலிகள், எல்லாம் இருந்தன. பின்வாசலிலிருந்து மேசைவரை ஏகப்பட்ட கோடுகள் போட்டு அழித்திருந்தான்.

"வாங்கக்கா" என்று எழுந்தான். "இதைப் பாருங்க. நான் இங்க நின்னேன். துண்டை இங்க போட்டிருக்கணும். கால் எரிஞ்ச மேசைக்கு நாலாயிரத்து இருநூறு மில்லி. அவ்வளவு தூரம் அது எப்படி உருண்டுச்சுன்னுதான் பிடிபடல. கதவுக்கு அடியில பன்னெண்டு மில்லி இடைவெளி இருக்கு. காத்து அடிச்சிருந்தா…"

"தம்பி, அது உங்க சிகரெட் இல்ல."

அவன் பென்சிலைக் கீழே வைத்தான். அக்கா ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோய், கந்தல், பெட்டி, பதினாலு, எழுபத்தெட்டு டிகிரி, குப்பென்று பிடித்தது என்று வாய்க்கு வந்த வரிசையில் கொட்டினாள். மில்லி குறுக்கே பேசாமல் கேட்டான்.

"இல்லக்கா, நான்தான்" என்றான்.

"நான் கண்ணால பாத்தேன் தம்பி!"

"அப்போ நான் பாத்தது? துண்டு சுவத்துல பட்டு விழுந்துது, பொறி பறந்துது. கண்ணுக்குள்ளயே நிக்குது."

"ஞாயித்துக்கிழமையா பாத்தீங்க?"

மில்லி விரலால் எதையோ எண்ணினான். "சனிக்கிழமை பிடிச்சேன். அது நிச்சயம். வாரத்துல ஒண்ணு, சில வாரம் ரெண்டு. ஞாயிறு…" நிறுத்தினான். "ஞாயிறு பிடிச்சேனான்னு தெரியலக்கா."

"தெரியலைன்னா எதுக்கு ஆமான்னு சொன்னீங்க?"

"நீங்க கேட்டீங்க. நீங்க ஒண்ணும் தெரியாம கேக்கமாட்டீங்களே. பிடிச்சிருப்பேன்னு தோணுச்சு. சொன்னதும் எல்லாம் ஞாபகம் வந்துடுச்சு. துண்டு, சுவர், பொறி. ஆபீஸ்ல எழுதும்போது இன்னும் கொஞ்சம் ஞாபகம் வந்துது." அவன் அரை மில்லி பிசகினாலும் பலகையைத் திருப்பிக் கொடுப்பவன். இப்போது, யாரோ தன் பையில் வேறொருவரின் சாமானைப் போட்டுவிட்டது போல விழித்தான்.

"என்னைய ஒரு வார்த்தை திட்டுங்க தம்பி" என்றாள் அக்கா.

"எதுக்குக்கா?"

"எதுக்குன்னா…" துணிக்காகவா, கேள்விக்காகவா, இரண்டு வாரம் அந்தத் துண்டைப் பற்றி மூச்சு விடாததற்காகவா? "ஏதோ ஒண்ணுக்கு."

அவனுக்குத் திட்ட வரவில்லை. சட்டையைப் பையில் போட்டுக்கொண்டு கூடவே கிளம்பினான். பஸ்ஸில் இருவரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

தங்கை வாசலிலேயே நின்றிருந்தாள். மில்லி இரண்டு படி கீழேயே நின்றுகொண்டான்.

"தீ நீங்க வெக்கல" என்றாள் அவள்.

"இல்லையாம்."

"சிகரெட்?"

"சனிக்கிழமை பிடிச்சேன். அதுக்கு முன்னாடியும் பிடிச்சிருக்கேன்."

"ஞாயிறு?"

"தெரியல."

"தெரியலைன்னா என்னங்க அர்த்தம்? நான் கோவப்படணுமா வேணாமா?"

"சனிக்கிழமைக்குக் கோவப்படலாம்" என்றான் மில்லி, மிகவும் யோசித்து.

தங்கைக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அதுவே இருமலாக மாறியது. மில்லி இரண்டே தாவலில் மேலே போய் மருந்துக் குழாயை எடுத்து வந்து நீட்டினான். அதை வாங்கி இழுத்துவிட்டு, மூச்சு சீரானதும், அவள் அக்கா பக்கம் திரும்பினாள். "உன்ன என்ன பண்றதுன்னே எனக்குத் தெரியல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கதவை மூடவில்லை. அதனால் இருவரும் பின்னாலேயே போனார்கள்.

பல் டாக்டர் ஒரு மாதம் பொறுத்துக்கொள்வதாகச் சொன்னார். கூரைக்குப் புதுத் தகரம் வந்தது. மூடியுள்ள ஓர் இரும்பு வாளி வாங்கி, தண்ணீர் நிரப்பி, எண்ணெய்த் துணியை அதில் போட வேண்டும் என்று அதிகாரி சொன்னதை மில்லி சுவரில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்தான். அடுத்த புதன்கிழமை மூன்று பேரையும் தீயணைப்பு அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். மில்லி முன்பு எழுதிக் கொடுத்ததை ரத்து செய்ய வேண்டும். அக்கா புதிதாக ஒன்று எழுதித் தர வேண்டும்.

எழுத்தர் ஆளுக்கொரு தாளைக் கொடுத்து ஒரே மேசையில் எதிரெதிராக உட்கார வைத்தார். சம்பவ நாளன்று பகல் பன்னிரண்டிலிருந்து நாலரைவரை என்ன செய்தீர்கள் என்பது கேள்வி. மில்லி பேனாவைப் பற்களில் வைத்துக் கடித்துக் கடித்து, கடைசியில், 'சாப்பிட்டேன். படுத்தேன். மற்றது சரியாக நினைவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். எழுத்தர் அதைப் படித்து, "இது போதும்" என்று வாங்கிக்கொண்டார்.

அக்கா எழுதிக்கொண்டேயிருந்தாள். துடைப்பத்தை எங்கே சாய்த்தாள், டப்பாக்களை எந்த வரிசையில் அடுக்கினாள், பதினாலு துணியில் எது சட்டை, எது துண்டு, எதை அடியில் வைத்தாள், பெட்டியை எந்தக் காலால் மேசைக்கு அடியில் தள்ளினாள் என்று எல்லாமே துல்லியமாக நினைவிருந்தது. இரண்டு பக்கம் நிரம்பி மூன்றாவது தாள் கேட்டாள்.

எழுத்தர் புரட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "இவ்வளவு வேணாம்மா. தீக்கு எது காரணமோ அதை மட்டும் நாலு வரியில எழுதிக் குடுங்க."

அவள் புதுத் தாளை எடுத்தாள். முதல் வரியில் துணி என்று எழுதினாள். அதை அடித்துவிட்டு எண்ணெய் என்று எழுதினாள். அதுவும் சரியாகப் படவில்லை. பெட்டி என்று எழுதினாள். பிறகு, 'நான்' என்று எழுதி அதையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அடிக்கவும் மனசில்லை, அடுத்த வார்த்தையும் வரவில்லை.

வெளியே பெஞ்சில் காத்திருந்த தங்கை கதவருகே வந்து எட்டிப் பார்த்தாள். "இன்னும் முடியலையா?"

"இதோ, ஒரு நிமிஷம்" என்றாள் அக்கா. இன்னொரு தாள் தரச் சொல்லி எழுத்தரிடம் கையை நீட்டினாள்.